எஞ்சினுக்கு எத்தனை அடி, ஆளுக்கு எத்தனை அடி? பழைய வேகப்படகுகளுக்குள் நடந்த இடச்சண்டை

இந்த எபிசோடுக்கு விதை போட்டவர் அமெரிக்காவில் இருக்கும் நம்ம நேயர் ஒருத்தர். 1970-களில் செய்த ஒரு வேகப்படகு விலைக்கு வந்திருக்கு, போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்துட்டு வந்து எனக்கு எழுதினது இதுதான்: படகு 28 அடி நீளம், ஆனா குடும்பத்தோட உட்கார ஒழுங்கான இடமில்லை. சரி, எஞ்சினுக்காவது தாராளமா விட்டிருப்பாங்கன்னு மூடியைத் திறந்தா அங்கேயும் கை நுழையலை. அப்போ அந்த 28 அடியும் எங்கதான் போச்சு?

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஏறக்குறைய 100 வருஷம் பின்னால போகணும், பரவாயில்லையா?

முதல்ல சொற்களைச் சரி பண்ணிக்குவோம். படகின் முன்பகுதியை நம்ம மீனவர்கள் அணியம்னு சொல்வாங்க, பின்பகுதியை அமரம்னு சொல்வாங்க. அழகான சொற்கள், நான் அதையே பயன்படுத்தப் போறேன். காக்பிட் என்பது ஆட்கள் உட்காரவும் நிற்கவும் படகில் விட்டிருக்கும் திறந்த பள்ளம். ஹேட்ச் என்பது எஞ்சின் அறைக்கு மேலே இருக்கும் மூடி. இவ்வளவு போதும்.

1920-கள், 30-கள். மிச்சிகன் மாநிலத்தில் அல்கோனாக் என்று ஒரு சின்ன ஊர். கிறிஸ்-கிராஃப்ட் படகுகள் பிறந்தது அங்கேதான். மஹோகனி மரம், கண்ணாடி மாதிரி வார்னிஷ், பழைய ஹாலிவுட் படங்களில் பணக்காரர்கள் ஏரியில் ஓட்டிட்டுப் போவாங்களே, அந்த வகை. இந்தப் படகுகளில் எஞ்சின் நட்டநடுவில் இருக்கும். காரணம் அழகு இல்லை, ஜியோமெட்ரி. எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட தண்டு நேராகப் பின்னால் சரிந்து இறங்கி, படகின் அடியைத் துளைத்து வெளியே போய்ச் சுழலியைச் சுற்றும். எஞ்சினை அமரத்துக்குத் தள்ளினால் தண்டின் நீளம் குறையும், சரிவு செங்குத்தாகும். சரிவு கூடினால் தள்ளும் சக்தியில் ஒரு பங்கு படகை முன்னால் நகர்த்தாமல் வீணாகும். அதனால் எஞ்சின் நடுவில், ஆட்கள் அதற்கு முன்னாலும் பின்னாலும்.

இந்த அமைப்பில் மெக்கானிக்குக்குக் கொண்டாட்டம். நடுவில் இரண்டு மூடிகள், வண்ணத்துப்பூச்சியின் இறக்கை மாதிரி இரண்டு பக்கமும் விரியும். முழு எஞ்சினும் உங்கள் முன்னால. நஷ்டப்பட்டது பயணிகள்தான். முன்னால் இருப்பவரோடு பின்னால் இருப்பவர் பேசவே முடியாது, நடுவில் ஒரு இரைச்சல் இயந்திரம். தெறிக்கும் தண்ணீரும் புகையும் பின் காக்பிட்காரருக்கு இலவசம்.

பந்தயப் படகுகளில் இந்தத் தத்துவம் உச்சத்துக்குப் போச்சு. அதே அல்கோனாக்கில் கார் வுட் 1932-இல் மிஸ் அமெரிக்கா டென் என்ற படகை மணிக்கு 124.9 மைல், அதாவது சுமார் 201 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 38 அடிப் படகு, அதில் நான்கு பேக்கார்ட் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 12 சிலிண்டர். ஆட்கள் எத்தனை பேர்? இரண்டே பேர். கார் வுட், அவருடைய மெக்கானிக் ஆர்லின் ஜான்சன். எஞ்சின்களுக்கு எல்லாம் இடம் கொடுத்த பிறகு அமரத்தில் மிஞ்சின ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாங்க. மெக்கானிக் கூடவே பயணம் செய்தார் என்பதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. எஞ்சினைத் தொடக்கூடியவர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்த காலம் அது.

அடுத்த திருப்பம் 1959, 1960. இரண்டு வருஷத்துக்குள் இரண்டு விஷயம் நடந்தது.

ஒண்ணு, ஸ்டெர்ன்டிரைவ். ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளர் யோசித்தது இது: எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கட்டும், ஆனால் அமரத்தின் கடைசிச் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். சக்தி அந்தச் சுவர் வழியாக வெளியே போய், அவுட்போர்டு மோட்டாரின் கால் மாதிரி ஒரு கியர் காலில் இறங்கட்டும். நீண்ட சரிவுத் தண்டே வேண்டாம். சுவீடனின் வோல்வோ பென்டா இதை ஆக்வாமேட்டிக் என்ற பெயரில் 1959-இல் கொண்டுவந்தது. 30 வருஷமாக நடுவீட்டில் உட்கார்ந்திருந்த எஞ்சின் ஒரே நாளில் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. நடுப்பகுதி முழுக்க ஆட்களுக்கு.

இன்னொண்ணு, டீப்-வி. ரே ஹன்ட் வடிவமைத்த படகின் அடி, முன்னாலிருந்து கடைசிவரை ஆழமான வி வடிவம். அமரத்தில்கூட சுமார் 24 டிகிரி சரிவு. அதுவரை வந்த வேகப்படகுகள் பின்பக்கம் தட்டையாக இருக்கும், அலையில் விழும்போது பலகையால் அறைந்த மாதிரி அடிக்கும். வி வடிவம் அலையை வெட்டிக்கொண்டு இறங்கும். 1960 மயாமி–நாசா பந்தயத்தில் டிக் பெர்ட்ராமின் மோப்பி என்ற 30 அடி மரப்படகு முரட்டுக் கடலில் முதலில் வந்து சேர்ந்தது. இரண்டாவது வந்த ஆக்வா ஹண்டரும் ரே ஹன்டின் வடிவம்தான். ஓட்டினவர் யார்னு நினைக்கிறீங்க? ஜிம் வின், ஸ்டெர்ன்டிரைவோடு.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கணும், ஏன்னா நேயரின் கேள்விக்குப் பாதிப் பதில் இதில்தான் இருக்கு. அலையில் வேகமாகப் போகும் படகில் அதிகம் குதிப்பது அணியம். குறைவாகக் குதிப்பது பின்பாதி. அப்படின்னா ஆட்கள் எங்கே இருக்கணும்? பின்பாதியில். ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சின் எங்கே இருக்கணும்? அமரத்துச் சுவரோடு ஒட்டி, அதுவும் பின்பாதியில். 28 அடிப் படகில் எஞ்சினும் ஆட்களும் கடைசி 14, 15 அடிக்காக அடிச்சுக்கிறாங்க. முன்னால் நீளமாக, வழவழன்னு, ஆள் இல்லாத மூக்கு. அதற்குள்ளே குனிந்து நுழையும் ஒரு குட்டி அறை. பஸ்ஸில் முன்பக்கம் காலியாக இருந்தும் எல்லாரும் பின்படிக்கட்டில் தொங்குற மாதிரி!

அந்த மூக்கு முழுக்க வீண்னு சொல்ல முடியாது. அலையைத் தாண்ட அந்த நீளம் தேவை. பிற்காலத்தில் புளோரிடா கடத்தல்காரர்களுக்கு அந்தக் குட்டி அறைதான் சரக்குக் கிடங்கு. வடிவமைத்தவர்கள் படுக்கை போட்ட இடத்தில் அவங்க மூட்டை அடுக்கினாங்க.

சரி, இந்தச் சண்டையை ஒவ்வொரு படகும் எப்படித் தீர்த்துக்கிட்டது? எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மோப்பியை அச்சாக வைத்து ஃபைபர் கிளாஸில் வந்தது பெர்ட்ராம் 31. 1961-இல் அறிமுகமாகி 20 வருஷத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. இதில் ஸ்டெர்ன்டிரைவ் கிடையாது, பழைய மாதிரித் தண்டுதான். இரண்டு எஞ்சின்களும் காக்பிட் தரைக்குக் கீழே அடங்காமல் மேலே எட்டிப் பார்க்கும். பெர்ட்ராம் அதை மறைக்க முயற்சி பண்ணலை. காக்பிட்டுக்குள் இரண்டு பெரிய பெட்டிகளைப் போட்டு எஞ்சின்களை மூடி, மேலே மெத்தை வைத்து இருக்கையாக்கிவிட்டாங்க. நம்ம பழைய டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் பானட் இருக்குமே, கூட்ட நேரத்தில் அதன் மேலே நாலு பேர் உட்கார்ந்து சூடு தாங்காமல் நெளிவாங்களே, அதே ஏற்பாடு. காக்பிட்டில் நடக்கும்போது முழங்கால் இடிக்கும்தான். ஆனால் பெட்டியைத் தூக்கினால் எஞ்சின் முழுசாகத் தெரியும், ஸ்பேனரோடு சுற்றி வரலாம். படகின் அகலம் 11 அடிக்கு மேலே, அதனால்தான் இது சாத்தியம். என்னைக் கேட்டால் அந்தக் காலப் படகுகளில் நேர்மையான தீர்வு இதுதான்: இடம் எவ்வளவு போச்சுன்னு கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

இதற்கு நேர் எதிர்த் திசை டான் அரோனோவ். நியூ ஜெர்சியில் கட்டுமானத் தொழிலில் சம்பாதித்துவிட்டு மயாமிக்கு வந்த மனுஷன். ஒரு கம்பெனி தொடங்குவார், பந்தயத்தில் ஜெயிப்பார், விற்பார், அடுத்ததைத் தொடங்குவார். ஃபார்முலா, டோன்ஸி, மேக்னம், பிறகு சிகரெட், எல்லாம் அவர் ஆரம்பித்தவை. 1967-லும் 1969-லும் உலக சாம்பியன். பட்டறைகள் எல்லாம் ஒரே தெருவில், வடக்கு மயாமியில். தண்டர்போட் ரோ என்று அந்தத் தெருவுக்கே பட்டப்பெயர் வந்தது. 1987-இல் அதே தெருவில்தான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலை ஒரு தனிக் கதை, இன்னைக்கு அதற்குள் போக வேண்டாம்.

1960-களின் டோன்ஸி 18 படகை எடுத்துக்குங்க. அதன் பெயரே 2+3. முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒரு பெஞ்சில் மூன்று பேர். கார் விளம்பரம் மாதிரி, இடக்கணக்கையே பெயராக வைத்திருக்காங்க. அமரத்தில் ஒரே ஒரு வி-8 எஞ்சின். ஒரே எஞ்சின் என்பது இங்கே முக்கியம். டீப்-வி படகின் நடுக்கோட்டில்தான் ஆழம் அதிகம். ஒற்றை எஞ்சின் அந்தக் குழியில் தாழ்வாக உட்கார்ந்துவிடும், இரண்டு பக்கமும் கை விட இடம் மிஞ்சும். ஐந்து பேருக்கு இடம், எஞ்சினுக்கும் மூச்சு விட இடம். 18 அடியில் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

இரண்டு எஞ்சின் போட்டால்தான் சிக்கல் ஆரம்பம். ஒரு பெரிய வி-8, இரண்டு பக்கமும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சேர்த்தால் சுமார் 30 அங்குல அகலம். இரண்டு வைத்தால் 60. சாலையில் இழுத்துட்டுப் போகத் தோதாக அன்றைய வேகப்படகுகள் பல 8 அடி அகலத்தில் நின்றன, அதாவது 96 அங்குலம். மிச்சம் 36 அங்குலம்னு நினைக்காதீங்க. 96 என்பது மேல்விளிம்பில். கீழே வி வடிவம் உள்ளே சரிந்துகொண்டே வருது. அதனால் வெளிப்பக்கத்து ஸ்பார்க் பிளக்குகள் படகின் சுவரை ஒட்டிப் போய்விடும். எட்டு பிளக்கில் நாலு சுலபம், நாலு சாமியைக் கும்பிட்டுக் கழற்றணும்.

அதைவிட மோசம் செல்ஃப் மோட்டார். இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கார், லாரி எஞ்சின்களிலிருந்து வந்தவை. காரில் எஞ்சினின் பின்முனையில், அடியில் செல்ஃப் இருக்கும், காரைத் தூக்கிக் கீழிருந்து கழற்றுவோம். படகில் அந்தப் பின்முனை அமரத்துச் சுவரைப் பார்த்து இருக்கு. கீழிருந்து வர வழியில்லை, கீழே இருப்பது கடல். ஆக, மேலிருந்து தலைகீழாகத் தொங்கி, எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில் கையைவிட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி போல்ட்டைக் கண்டுபிடிக்கணும். அம்பாசிடர் காரின் பானட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டு வேலை பார்த்த தலைமுறைக்கு இது என்னன்னு விளக்குவதே கஷ்டம்.

பந்தயக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. எஞ்சின்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் முன்பின்னாக வைப்பது. ஒன்று சுவரோடு ஒட்டி, மற்றது ஒரு எட்டு முன்னால், ஒரு துணைத் தண்டோடு. இரண்டும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், தாழ்வாக உட்காரும், கியர் கால்களும் நெருக்கமாக வரும், படகு வேகம் எடுக்கும். மெக்கானிக்குக்கும் போனஸ்: முன் எஞ்சினுக்குப் பின்னாலும் பின் எஞ்சினுக்கு முன்னாலும் ஒரு ஆள் இறங்கி நிற்க இடைவெளி கிடைக்கும். ஆனால் எஞ்சின் அறை நீண்டுவிட்டது. அந்த நீளம் காக்பிட்டிலிருந்து எடுத்ததுதான்.

பந்தயத்தில் அது பிரச்னையில்லை. அங்கே காக்பிட்டில் இருப்பது திசை பிடிப்பவர், ஆக்ஸிலரேட்டர் பார்ப்பவர், வழி சொல்பவர், அவ்வளவுதான். யாரும் உட்காரவும் மாட்டாங்க. முதுகையும் இடுப்பையும் தாங்கும் மெத்தைச் சாய்மானத்தில் நின்றுகொண்டே முழங்காலை ஸ்பிரிங் மாதிரி வளைத்து ஓட்டுவாங்க. நிற்கும் மனிதருக்குத் தேவையான நீளம் உட்கார்ந்திருப்பவரைவிடக் குறைவு. அந்தப் பந்தய அச்சில் வார்த்த படகை வார இறுதி வாடிக்கையாளருக்கு விற்றபோதுதான் நம்ம நேயரின் கேள்வி பிறந்தது. ஜார்ஜ் புஷ், அதான் மூத்தவர், 1974-இல் வாங்கி ஃபிடெலிட்டின்னு பெயர் வைத்து ஓட்டினதும் 28 அடி சிகரெட் ஒன்றுதான். அவருக்குப் பிடிச்சது வேகம், பேரப்பிள்ளைகளைப் பரத்தி உட்கார வைக்கும் இடமில்லை.

வாங்குபவர்கள் இடம் கேட்டாங்க, கம்பெனிகளும் கொடுத்தன. எப்படி? எஞ்சின் அறையை இறுக்கி. பின் இருக்கையின் சாய்மானம் எஞ்சினின் பெல்ட்டுக்கு அங்குலக் கணக்கில் பக்கத்தில் வந்தது. ஹேட்ச் முழுக்க வெயில் காயும் மெத்தையாக மாறியது. இத்தாலியில் கார்லோ ரிவா 1962-இல் கொண்டுவந்த அக்வாராமா இதற்கு அழகான உதாரணம், இரண்டு எஞ்சின்களுக்கு மேலே சூரியக் குளியல் படுக்கை. படகுக் கண்காட்சியில் யாரும் மெத்தையை எடுத்துவிட்டுச் செல்ஃப் மோட்டாரைத் தேட மாட்டாங்க. எத்தனை பேர் உட்காரலாம்னுதான் பார்ப்பாங்க.

இதில் சௌகரியம் மட்டும் இல்லை, உயிர் விஷயமும் இருக்கு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் ஒழுகினால் தரையில் பரவிப் போய்விடும். படகில் அடிக்குழியில் தேங்கும், குடத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி. ஒரு பொறி போதும். அமெரிக்காவில் 1940-லேயே பெட்ரோல் படகு எஞ்சினுக்குச் சுடர் தடுப்பான் கட்டாயமாச்சு. பிற்பாடு காற்றை வெளியேற்றும் புளோயர் விதியும் வந்தது. ஸ்டார்ட் பண்ணும் முன் 4 நிமிஷம் புளோயரை ஓட விடுன்னு பழைய படகுகளில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீங்க. ஆனால் ஒழுகும் ரப்பர் குழாயைக் கண்டுபிடிக்க புளோயரால் முடியாது. அதற்கு ஒரு மனிதக் கண் அங்கே போகணும். போக முடியாத இடத்தில் இருக்கும் குழாயை யாரும் மாற்ற மாட்டாங்க. 40 வருஷப் படகில் 40 வருஷக் குழாய் இருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை.

தண்ணீரிலும் இதே கதைதான். தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டுக்கான படகுகளைப் பாருங்க. கரெக்ட் கிராஃப்ட் கம்பெனியின் ஸ்கி நாட்டிக் மாதிரிப் படகுகளில் எஞ்சின் காக்பிட்டின் நடுவில் ஒரு பெட்டிக்குள். பெட்டியைத் தூக்கினால் நாலு பக்கமும் வேலை செய்யலாம். அதே வகையில் காக்பிட்டைக் காலி பண்ண வி-டிரைவ் போட்டாங்க. எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்த் திருப்பி வைத்து, தண்டை எஞ்சினுக்கு அடியிலேயே மடக்கிக் கொண்டுவருவது. பெல்ட் பக்கம் அமரத்துச் சுவரைப் பார்க்கும். தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்து கிளாண்ட் எஞ்சினுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு கிளாண்ட் கயிறு தெரியும், அதை அப்பப்போ இறுக்கணும், மாற்றணும். கிணற்றடியில் அது ஒழுகினால் தண்ணீர் வீண், அவ்வளவுதான். படகில் ஒழுகினால் படகே மூழ்கும். ஸ்டெர்ன்டிரைவில் அந்த இடத்தில் ரப்பர் பெல்லோஸ். அது வெடித்தாலும் கட்டிவைத்த இடத்திலேயே படகு உட்கார்ந்துவிடும்.

நேயருக்கு நான் எழுதின பதில் இதுதான். பெயின்ட்டையும் மெத்தையையும் அப்புறம் பாருங்க. ஹேட்சைத் திறந்து, எஞ்சின் ஆறின பிறகு, ஐந்து இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்க: வெளிப்பக்கத்துக் கடைசி பிளக், செல்ஃப் மோட்டார், மேனிஃபோல்டின் பின்முனை, பெட்ரோல் குழாய்கள், தண்ணீர் குழாய்களின் கிளிப்புகள். கை போகாத ஒவ்வொரு இடத்துக்கும், முன்னாடி வைத்திருந்தவரின் கையும் போயிருக்காதுன்னு எடுத்துக்குங்க. எஞ்சினைத் தூக்கி வெளியே எடுக்காமல் அங்கே வேலை நடக்காதுன்னா அந்தக் கூலியை விலையில் கழிச்சுப் பேசுங்க. ஒற்றை எஞ்சின் படகு கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

இந்தச் சண்டை கடைசியில் எப்படி முடிஞ்சது? எஞ்சின் படகைவிட்டே வெளியேறிவிட்டது. முன்பெல்லாம் பெரிய வேகப்படகைத் தள்ள அவுட்போர்டு மோட்டாருக்குத் தெம்பு இல்லை. 2004-இல் மெர்க்குரியின் வெராடோ, 2021-இல் அதே கம்பெனியின் 600 குதிரைசக்தி வி-12 என்று வந்தபிறகு சிகரெட் கம்பெனியே அமரத்துச் சுவரில் வரிசையாக மோட்டார் தொங்கவிட்டுப் படகு விற்குது. மூடியைக் கழற்றினால் எஞ்சின் வெளிச்சத்தில் நிற்கும், பெட்ரோல் ஆவி காற்றோடு போகும்.

பழைய படகுக்காரர்கள் சும்மா இருப்பாங்களா? 60-கள், 70-களின் டீப்-வி படகுகளை வாங்கி, எஞ்சின்களைத் தூக்கி எறிந்து, சுவரில் இருந்த துளைகளை ஃபைபர் கிளாஸால் அடைத்து, வெளியே ஒரு பிராக்கெட் வைத்து அவுட்போர்டு மாட்டுறாங்க. காக்பிட் ஒரேயடியாக விரிஞ்சுடுது. ஆனால் அந்த உடல்கள் எஞ்சின் கனம் உள்ளே இருக்கும்னு கணக்குப் போட்டு வார்த்தவை. கனம் சுவருக்கு வெளியே, அதுவும் உயரத்தில் போனதும் அமரம் தண்ணீரில் இன்னும் ஆழமாக உட்காருது, காக்பிட் தரையில் இருக்கும் வடிகால் ஓட்டைகள் நீர்மட்டத்துக்கு வந்துடுது. கட்டிவைத்த படகின் பின்பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றால் கணுக்காலில் கடல். இதைச் சரிக்கட்ட சிலர் பெட்ரோல் டேங்கை முன்னால் நகர்த்துறாங்க, சிலர் தரையையே உயர்த்துறாங்க. தரையை உயர்த்தினால் பக்கச்சுவர் இடுப்புக்குப் பதில் முழங்கால் உயரத்துக்கு வந்துடும், அலையில் பிடிமானம் போயிடும். நேயர் அந்த வழியையும் யோசிக்கிறதா எழுதியிருந்தார். டேங்கை நகர்த்துங்க, தரையைத் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.